புதினாவுக்குப் பசியா, இருட்டா? – மண்ணில்லா விவசாயத்தின் கதை

மெஸ்ஸில் பிரியாணி போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல்கட்டில் கேட்டு வாங்கிய நாலைந்து புதினாக் காம்புகளோடு என் விவசாய வாழ்க்கை ஆரம்பமானது. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, காம்புகளைச் செருகி, விடுதி அறை மேஜையில் வைத்தேன். ஒரு வாரத்தில் வெள்ளை வெள்ளையாக வேர் வந்துவிட்டது. ஆர்வக் கோளாறில் இணையத்தில் ஒரு சத்துக் கரைசல் செட்டும் வாங்கினேன். ஏ என்று ஒரு புட்டி, பி என்று ஒரு புட்டி. லிட்டருக்கு இத்தனை மில்லி என்று போட்டிருந்தது, அப்படியே ஊற்றினேன்.

செடி வளர்ந்தது, ஆனால் வளர்ந்த லட்சணம் சரியில்லை. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே விரல் நீள இடைவெளி, வெளிறிப்போன சின்ன இலைகள், ஜன்னல் பக்கம் சாய்ந்த தண்டு. சத்து போதவில்லை என்று முடிவு கட்டி அளவை இரட்டிப்பாக்கினேன். நாலே நாளில் இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு என் ரூம்மேட் கேட்டான்: "டேய், அதுக்குப் பசியாடா, இல்ல இருட்டா?"

அவன் கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்கப் போனபோது தெரிந்தது, மண்ணில்லாமல் செடி வளர்த்த எல்லோருமே இங்கேதான் இடறியிருக்கிறார்கள். ஒருவருக்கு இதனால் பல்கலைக்கழக வேலையே இல்லாமல் போனது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் பழைய கதை. செடி எதைத் தின்று வளர்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் யாருக்கும் தெரியாது. பெல்ஜியம் பக்கத்து வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ். ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று சொல்லிவிட்டார். அவர் இறந்த பிறகு 1648ல்தான் இது அச்சில் வந்தது. பாவம், காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மரம் உடம்பு வளர்க்கும் என்று அவர் எப்படி நினைத்திருக்க முடியும்? அந்த 2 அவுன்ஸை எடைபோட்டதில் வந்த பிழை மாதிரி ஒதுக்கிவிட்டார். அடுத்த முந்நூறு வருட விஞ்ஞானம் அந்த 2 அவுன்ஸுக்குள்தான் இருந்தது.

அதை முதலில் சந்தேகித்தவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த ஜான் வுட்வர்ட். 1699ல் அவர் வெளியிட்ட சோதனையில் மழைத்தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், ஹைட் பார்க் குழாய்த் தண்ணீர், தோட்டத்து மண் கலக்கிய தண்ணீர் என்று தனித்தனியாக வைத்துச் செடி வளர்த்து எடை போட்டார். சுத்தமான தண்ணீரில் வளர்ந்தது சோனியாக நின்றது. மண் கலந்த தண்ணீரில் வளர்ந்ததுதான் கொழுத்தது. செடி வேண்டுவது தண்ணீரை அல்ல, தண்ணீரில் கரைந்து வரும் ஏதோ மண்பொருளை என்று முடிவு செய்தார். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் எடுத்துக்கொண்ட செடி: ஸ்பியர்மின்ட். அதாவது நம்ம புதினா! என் மேஜையில் நின்றதன் ஒன்றுவிட்ட பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம் :-)

அந்த 'ஏதோ' என்ன என்று பட்டியல் போட இன்னும் நூற்றறுபது வருடம் ஆனது. 1860களில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் என்ற இருவர் உப்புகளை அளந்து கரைத்து, மண்ணே இல்லாமல் செடியை விதையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். நாப்பின் கரைசலில் கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், எப்சம் உப்பு, துளி இரும்பு, அவ்வளவுதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கூடவே கால்சியம், மெக்னீசியம், கந்தகம், இரும்பு. காற்றும் தண்ணீரும் தரும் மூன்றையும் சேர்த்தால் பத்து தனிமங்கள். செடிக்குத் தேவை இவ்வளவுதான் என்று அறுபது வருடம் பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

அது தப்பு என்பது வெளியே வந்த விதம் வேடிக்கையானது. நாப் காலத்து உப்புகள் அழுக்கு உப்புகள். துத்தநாகமும் போரானும் தாமிரமும் தூசியாக அவற்றில் ஒட்டியிருந்தன. யாருக்கும் தெரியாமல் அந்த அழுக்கே செடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வேதியியல் முன்னேறி உப்புகள் சுத்தமாக ஆக, செடிகள் காரணம் தெரியாமல் நோஞ்சானாகத் தொடங்கின. 1923ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன், போரான் இல்லாத கரைசலில் அவரை இனத்துச் செடி வளர்ந்து முடிக்காது என்று காட்டினார். மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் என்று ஒவ்வொன்றாக 1930களின் தொடக்கத்துக்குள் பட்டியலில் சேர்ந்தன. மாலிப்டினம் 1939ல். அதைக் கண்டுபிடித்தவர்கள் கலிபோர்னியாவின் டேனியல் ஆர்னன், பெரி ஸ்டௌட். உப்பையெல்லாம் மறுபடி மறுபடி சுத்தம் செய்து, அதில் வாடிய தக்காளிச் செடிக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் கொடுத்தார்கள், செடி தேறியது. 1954ல் குளோரின். நிக்கல் சேர்ந்ததோ 1987ல்!

ஆர்னன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். இப்போது முக்கியமான சண்டை.

வில்லியம் கெரிக்கி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செடிச் சத்து ஆராய்ச்சி செய்தவர். அதுவரை கண்ணாடிக் குடுவைக்குள் இருந்த இந்த வித்தையை வயலுக்கு மாற்றலாம் என்று 1929ல் எழுதினார். சொன்னதோடு நிற்காமல், பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்தார். 25 அடி உயரம் ஏறிய கொடிகள், ஏணி போட்டுப் பறிக்க வேண்டிய பழங்கள். பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா? 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937ல் அவர் கட்டுரையில்தான் வந்தது. தண்ணீர், உழைப்பு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதைச் சொல்லிக்கொடுத்தவர் செட்செல் என்ற சக தாவரவியலாளர். இனி மண்ணே வேண்டாம், மாடியிலும் வீட்டுக்குள்ளும் மூட்டை மூட்டையாக விளையும் என்ற ரீதியில் செய்திகள் பறந்தன. பல்கலைக்கழகத்துக்குக் கடிதங்கள் குவிந்தன, எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் கரைசலின் செய்முறை என்ன?"

கெரிக்கி தர மறுத்தார். பல்கலைக்கழகம் முதலில் பசுமைக்குடில் தராததால் வீட்டில் சொந்த நேரத்தில் உருவாக்கியது இது, இன்னும் செம்மைப்படுத்த வேண்டும், இடமும் நேரமும் கொடுங்கள் என்பது அவர் கட்சி. இடம் கிடைத்தது. ஆனால் அவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கும் வேலையைப் பல்கலைக்கழகம் டென்னிஸ் ஹோக்லண்ட், ஆர்னன் என்ற வேறு இருவரிடம் கொடுத்தது. 1937ல் கெரிக்கி வேலையை விட்டுவிட்டார். 1940ல் புத்தகம் எழுதி, தன் செய்முறையைத் தானே வெளியிட்டார்.

ஹோக்லண்டும் சாதாரண ஆள் இல்லை. முதல் உலகப்போரில் ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் வரத்து நின்றபோது, கடற்பாசியிலிருந்து அதை எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தவர். கடல் தண்ணீரில் கொஞ்சமாக இருக்கும் பொட்டாசியத்தைப் பாசி எப்படித் தேர்ந்தெடுத்துக் குவித்து வைக்கிறது என்ற கேள்வியோடுதான் அவர் சத்து ஆராய்ச்சிக்குள் வந்தார். 1938ல் அவரும் ஆர்னனும் சேர்ந்து ஒரு சிறு கையேடு வெளியிட்டார்கள். சாராம்சம் இது: தண்ணீரில் வளர்ப்பதில் மாயம் எதுவும் இல்லை, நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சல்தான் இதிலும் கிடைக்கும். சத்து தாராளமாக இருக்கிறது என்பதற்காகச் செடிகளை நெருக்கி நட முடியாது. ஏனென்றால் கடைசியில் விளைச்சலைக் கட்டிப்போடுவது சத்து அல்ல, வேருக்குக் கிடைக்கும் காற்றும் இலைக்குக் கிடைக்கும் வெளிச்சமும்.

படித்தவுடன் எனக்குச் சுருக்கென்றது. என் மேஜைப் புதினாவுக்கு 1938லேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கெரிக்கிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேருக்குக் காற்று வேண்டும் என்பது தெரியாதவர் அல்ல அவர். அவருடைய தொட்டியில் கம்பிவலைத் தட்டுக்கும் கரைசலுக்கும் நடுவே காற்றுக்கு இடைவெளி விட்டிருந்தார். வெளிச்சத்தைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படாததற்குக் காரணம், என் ஊகத்தில், கலிபோர்னியா வெயில். கூரைக்கு மேல் இலவசமாகக் கொட்டுகிற ஒன்றை யார் கணக்கில் வைப்பார்கள்? அவர் வழியில் ஜெயித்த இடங்களைப் பாருங்கள். பான் அமெரிக்கன் கடல் விமானங்கள் பசிபிக்கைத் தாண்டும் வழியில் தங்கிய வேக் தீவு: பவளத் திட்டு, மண் கிடையாது, 1930களின் கடைசியில் அங்கே தொட்டிகளில் காய்கறி வளர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரின் முடிவில் அமெரிக்க ராணுவம் அசென்ஷன் தீவின் எரிமலைப் பாறைமேல் வளர்த்தது. 1946ல் நம் நாட்டிலேயே டார்ஜிலிங் மாவட்டத்தின் கலிம்போங் பகுதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், விலை மலிவான உள்ளூர்ப் பொருட்களை வைத்து 'வங்காள முறை' என்று ஒன்றை உருவாக்கினார். மண்தான் இல்லையே தவிர, எல்லா இடத்திலும் சூரியன் இருந்தது.

சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் குழப்பமான பதில்தான். தொழிலுக்குக் கெரிக்கி வைத்த பெயர் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தொழில் இன்றும் பின்பற்றுகிற செய்முறைக்கு 'ஹோக்லண்ட் கரைசல்' என்று பெயர். மோகத்தைத் தணிக்க எழுதிய கையேடு, மோகம் கொண்டவர்களின் சமையல் குறிப்பாகிவிட்டது!

அந்தக் குறிப்பைக் கொஞ்சம் பார்ப்போம். முழு பலக் கரைசலில் லிட்டருக்கு நைட்ரஜன் 210 மில்லிகிராம், பொட்டாசியம் 235, கால்சியம் 200, கந்தகம் 64, மெக்னீசியம் 48, பாஸ்பரஸ் 31. கீழே இறங்கினால் போரான் 0.5, துத்தநாகம் 0.05, மாலிப்டினம் 0.01. முதலாவதுக்கும் கடைசிக்கும் இருபதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டுமே இல்லாவிட்டால் செடி இல்லை.

ஏ, பி என்று ஏன் இரண்டு புட்டி என்பதற்கும் இங்கேதான் விடை. கால்சியம் உப்பையும் எப்சம் உப்பையும் கெட்டியான நிலையில் ஒன்றாகக் கலந்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். பாஸ்பேட்டும் அப்படியே. அதனால் தனித்தனியாக வைத்து, தண்ணீரில் நீர்க்கும்போதுதான் சேர்க்க வேண்டும். (நான் முதல் நாள் இரண்டையும் ஒரே மூடியில் ஊற்றிக் கலக்கினேன். பால் மாதிரி ஆனது. நல்லதற்குத்தான் என்று நினைத்தேன்.)

இரும்பு இன்னொரு தலைவலி. கரைசல் கொஞ்சம் காரமானால் இரும்பு துருவாகிப் படிந்துவிடும். புட்டியில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஓரிரு முறை இரும்பு ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். 1951ல் அதே பெர்க்லியில் ஜேக்கப்சன் என்பவர் ஈ.டி.டி.ஏ. என்ற மூலக்கூறின் பிடிக்குள் இரும்பை வைத்து, ஒருமுறை ஊற்றினால் நிலைத்து நிற்கும்படி செய்தார். ஆக 1950களின் மத்தியில் 'பசி'க் கேள்விக்கு விடை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

'இருட்டு'க் கேள்வி? அது ஆமை வேகம்.

மின்விளக்கில் செடி வளர்க்கும் ஆசை மின்விளக்கு வந்த நாளிலிருந்தே உண்டு. 1880ல் வில்லியம் சீமென்ஸ் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். ராத்திரியில் ஆர்க் விளக்கு வெளிச்சம் காட்டினால் செடி தூங்காமல் வளர்கிறது, ஆனால் விளக்குக்கு நேராக இருந்தால் இலை கருகுகிறது, நடுவே ஒரு கண்ணாடி வைத்தால் கருகுவதில்லை. புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்திருக்கிறது. அதன்பின் வந்த குண்டு பல்பு, வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும். செடிக்குப் பக்கத்தில் வைத்தால் வெந்துவிடும், தள்ளி வைத்தால் வெளிச்சம் எட்டாது. டியூப் லைட் அமெரிக்காவில் கடைக்கு வந்ததே 1938ல், ஹோக்லண்ட் கையேடு வந்த அதே வருடம். வெளிச்சம்தான் தடை என்று அவர்கள் எழுதியபோது, அந்தத் தடையை அறைக்குள் நீக்க மலிவான வழி எதுவும் யாரிடமும் கிடையாது.

எவ்வளவு வெளிச்சம் என்பது ஒரு பக்கம். எவ்வளவு நேரம், என்ன நிறம் என்பது இன்னொரு பக்கம். 1920ல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அலார்டும், பூக்கவே மறுத்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் சீக்கிரமே இருட்டறைக்குள் தள்ளி, பூக்க வைத்தார்கள். செடி பகலின் நீளத்தைக் கணக்கிடுகிறது! லெட்டூஸ் மாதிரி இலைக்காக வளர்ப்பதற்கு நாள் முழுக்க விளக்கு எரித்தால் அது பூத்தண்டு விட்டுக் கசந்துபோகும். 1952ல் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு லெட்டூஸ் விதைக்குச் சிவப்பு ஒளி காட்டினால் முளைக்கிறது, உடனே அகச்சிவப்பை ஒட்டிய அடர்சிவப்பைக் காட்டினால் முளைப்பதில்லை, கடைசியாக எதைக் காட்டினோமோ அதற்கே கட்டுப்படுகிறது என்று கண்டது. நிறமும் செடிக்கு ஒரு செய்தி.

பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, நினைவிருக்கிறதா? 1972ல் மெக்ரீ என்பவர் 22 பயிர்களின் இலையை நிறம் நிறமாகச் சோதித்தார். சிவப்பில் ஒளிச்சேர்க்கை உச்சம், நீலத்தில் ஓரளவு, பச்சையிலும் கணிசமாகவே நடக்கிறது. வெறும் ஊதா வெளிச்சம் வீசும் விளக்குதான் செடிக்கு உகந்தது என்று விற்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை போலும். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. தாராளமாகப் போதும்.

எல்.ஈ.டி. கதையும் சுவாரசியம். 1991ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சிவப்பு எல்.ஈ.டி.யின் கீழ் லெட்டூஸ் வளர்த்தார்கள். சிவப்பு மட்டும் கொடுத்தால் செடி என் புதினா மாதிரி நீண்டுவிடும், நீலமும் வேண்டும். ஆனால் பிரகாசமான நீல எல்.ஈ.டி. அப்போது உலகத்திலேயே இல்லை. அதனால் நீலத்துக்கு டியூப் லைட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜப்பானில் நகமுரா பிரகாசமான நீல எல்.ஈ.டி.யை அறிவித்தது 1993ல். 2014ல் அகசாகி, அமனோவோடு சேர்த்து அவருக்கு இயற்பியல் நோபல். 2015 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்கள் தாங்கள் வளர்த்த சிவப்பு லெட்டூஸைத் தின்றது சிவப்பு, நீலம், பச்சை எல்.ஈ.டி.க்களின் கீழ் விளைந்ததுதான்.

ஆர்னன் திரும்ப வருவார் என்றேனே? தூசியளவு மாலிப்டினத்தை வேட்டையாடிய அந்த மனிதர், பிறகு சத்தை விட்டு வெளிச்சத்துக்குப் போய்விட்டார். 1954ல், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் ஒளியைக் கொண்டே ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கின்றன என்று காட்டினார். விளைச்சலைக் கட்டிப்போடுவது எது என்று எழுதியவர், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவே போய்விட்டார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, என் மேஜைக்கு வருவோம். மொபைலில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டுப் பார்த்தேன். (லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, செடிக்குக் குத்துமதிப்புதான்.) உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். என் மேஜையில் பட்டப்பகலில் 200 கூட இல்லை! நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை 'நல்ல வெளிச்சம்' என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த இருட்டில் செடி தண்ணீரே குறைவாகத்தான் உறிஞ்சும். நான் இரட்டிப்பாக ஊற்றிய உப்பு அப்படியே தங்கி, ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சை சுருங்குவது மாதிரி வேரைச் சுருக்கியிருக்கிறது.

கரைசலைக் கொட்டிவிட்டு, பாதி பலத்தில் புதிதாகக் கலந்தேன். 15 வாட் வெள்ளை எல்.ஈ.டி.யைக் கூம்பு மூடியோடு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டேன். மீட்டர் பத்தாயிரத்தைத் தாண்டியது. இரண்டு சாணுக்கு ஏற்றினால் கால்வாசிக்கு இறங்கியது. இயற்பியல் வகுப்பில் படித்த தலைகீழ் வர்க்க விதி, புதினாவுக்காக வேலை செய்து பார்த்தது அன்றுதான். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிகிறது. புது வெளிச்சத்தில் பாட்டிலுக்குள் பாசி பிடித்தது, அதற்குப் பழைய நாளிதழைச் சுற்றிக் கட்டினேன்.

நீண்டுபோன பழைய தண்டு அப்படியேதான் இருக்கிறது, அதைக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்தில் வந்த புதுக் கிளைகளில் கணு நெருக்கமாக இருக்கிறது, இலை கையில் கசக்கினால் வாசம் வருகிறது. மூன்றாவது வாரம் பறித்தது இரண்டு பேர் தோசைக்குச் சட்னி ஆகும் அளவு. ரூம்மேட் தன் பங்கைத் தின்றுவிட்டு, கரண்ட் பில்லையும் கணக்கில் சேர்த்தால் இந்தச் சட்னி என்ன விலை என்று கேட்கிறான். மொட்டை மாடிக்கு ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

உங்களில் யாராவது வீட்டுக்குள் தக்காளியோ மிளகாயோ காய்க்கவைத்திருக்கிறீர்களா? எந்த விளக்கு, எவ்வளவு உயரம் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.